செருப்புக்கடைக்கு மேலே

கணவனின் சட்டைத் தோளில் ஒட்டியிருந்த முடி ஒரு முழ நீளம் இருந்தது. அவளுடையது சுருட்டை, காதுக்குக் கீழே இறங்காது. இதுவோ நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது.

அந்த வீட்டில் துணி துவைப்பது கணவனின் வேலை. இன்று அவன் வருவதற்குள் அழுக்குக் கூடையை அவள் கிளறியதற்குக் காரணம் ரேடியோ அக்கா.

அவள் பில் போடும் ஜவுளிக்கடையில் துணி மடித்து அடுக்குபவள் ரேடியோ அக்கா. கண்ணாடியை மறந்துவிட்டு வரும் நாளில்கூட அந்தக் கண்ணுக்கு எதுவும் தப்பாது. மதியம் டிபன் டப்பாவோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“உன் வீட்டுக்காரருக்கு அந்தச் செருப்புக்கடைக்கு மேல என்னடி வேலை?”

“லிஃப்ட் ரிப்பேர் பண்ணப் போயிருப்பாருக்கா. அவரு வேலையே அதுதானே.”

“அந்தக் கட்டடத்துல லிஃப்டே கெடையாது. குறுகலா ஒரு மாடிப்படி. பொம்பளைங்கதான் ஏறி இறங்கறாங்க, அதுவும் தலையக் குனிஞ்சுக்கிட்டு. உன் ஆளு கெளம்பும்போது ஒரு அம்மா வாசல் வரைக்கும் வந்து சிரிச்சு வழியனுப்புது. போன வாரம் தியேட்டர் சந்துல வேற ஒரு வீட்டுலருந்து வந்தாரு. அங்கயும் இதே கதைதான்.”

அன்று அவளுடைய டப்பா திறக்கப்படாமலே வீடு திரும்பியது.

நெருப்பில்லாமல் புகையுமா? ஒரு வாரமாக அவன் பால்கனியில் நின்றுதான் போன் பேசுகிறான். இவள் தலை தெரிந்தால் பேச்சு பாதியில் நின்றுவிடுகிறது.

கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும், அதற்கு அடியில் இருந்தது பயம். சில மாதங்களாக அவள் மகளோடு அடுத்த அறையில் படுக்கிறாள். ‘பிள்ளை இருட்டுக்குப் பயப்படுது’ என்று சாக்கு. மகளுக்கு இருட்டாவது மண்ணாவது! உடம்பு சரியில்லாதது இவளுக்குத்தான். ஓயாத அரிப்பு, எரிச்சல், வெள்ளைப்படுதல். சோப்புப் போட்டுக் கழுவக் கழுவ அது கூடியதே தவிரக் குறையவில்லை. உள்ளாடைகளை இப்போதெல்லாம் தனியாக எடுத்துப் போய்த் தானே துவைத்துக்கொள்கிறாள்.

டாக்டரிடம் போயிருக்கலாம்தான். ஆனால் பிரசவ வலியில் கத்தியபோது அந்த டாக்டரம்மா இவளைப் பார்த்துக் கேட்ட கேள்விக்கு வராந்தாவே சிரித்தது. செத்தாலும் இனி ஒரு டாக்டர் முன்னால் போய்ப் படுக்க மாட்டேன் என்று அன்றைக்கே கணவனிடம் அழுதுவிட்டாள்.

இப்போது மனசு தானாகவே கணக்குப் போட்டது. இந்த வியாதியையே அவன்தான் எங்கிருந்தோ வாங்கி வந்தானோ? இவள் விலகிப் படுத்ததும் மறுபடி அங்கேயே போக ஆரம்பித்துவிட்டானோ? மகளோடு தன் கூடப்பிறந்த அக்கா வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவு செய்து பையில் நாலு துணியைத் திணித்தாள்.

வாசலில் சாவி திரும்பியது. டூல்ஸ் பையோடு உள்ளே வந்தவன் அவளையும் துணிப்பையையும் மாறி மாறிப் பார்த்தான்.

“எங்க கெளம்பிட்ட?”

அவள் முடியைத் தூக்கிக் காட்டினாள். “இது யாருது?”

அவன் கிட்ட வந்து பார்த்தான். “தெரியலையே. பக்கத்துல நெருக்கி உக்காந்திருந்தாங்களே, அவங்கள்ல யாரோடதாவது இருக்கும்.”

அவன் பொய் சொல்வான், சண்டை போடலாம் என்று காத்திருந்தாள். இப்படி ஒரு பதில் வந்ததும் முடியைக் கீழே உதறினாள்.

“செருப்புக்கடை மாடி, தியேட்டர் சந்து, எல்லாம் எனக்குத் தெரியும். இதுவரைக்கும் எத்தன பேருகிட்ட போயிருக்கீங்க?”

அவன் தலையைச் சொறிந்தான். “மூணு பேரு.”

“மூணா!” அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். “வாய் கூசாம சொல்றீங்களே!”

“நானே சொல்லணும்னுதான் இருந்தேன். உங்கிட்ட எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல.” அவன் பையை இறக்கி வைத்தான். “மொதல்ல போன எடம் சரிப்படல. அந்தம்மா வாயத் தொறந்தாலே திட்டுதான். தியேட்டர் சந்துல ஒருத்தர் உள்ள இருக்கும்போதே அடுத்த ஆளையும் கூப்பிட்டுடறாங்க.”

“ஐயோ, நிறுத்துங்க!”

“செருப்புக்கடைக்கு மேல இருக்கறவங்கதான் எனக்குப் பிடிச்சுது. கதவ நல்லா சாத்திட்டு, தன்மையா பேசறாங்க. நாளைக்கு சாயங்காலம் வரச் சொல்லியிருக்காங்க.”

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. துணிப்பையைத் தோளில் மாட்டினாள்.

“போங்க. தாராளமாப் போங்க. இனிமே என்னைக் கேக்க வேணாம்.”

அவன் அவள் தோளிலிருந்து பையை மெல்ல வாங்கிக்கொண்டான். “நீ படற பாடு எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“சளி புடிக்கற மாதிரி சாதாரணமா வர்றதுதானாம், மருந்துல சரியாயிடுமாம், ஆனா அந்த மாடி டாக்டரம்மா உன்னத்தான் பாக்கணுமாம்.”