உதவிக் கையேடுகள்

“இனி மென்பொருள் கையேடுகளை இணையத்தளத்தில ஒண்டொண்டா ஏத்தத் தேவையில்லை, தாரிகா. நான் எழுதின இந்த ஸ்கிரிப்டை ஓடவிட்டா எல்லாம் தானா ஏறும்” என்று மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினான் சாரங்கன்.

“இடையில நிண்டா?”

“திரும்ப அதுவே தொடங்கும்.”

“அப்ப உங்களைக் கூப்பிட வேலையில்லை. என்னை மக்கு எண்டு ஏசவும் ஏலாது, பாவம்!”

அவன் சிரிக்கவில்லை.

“இருங்கோப்பா, தேத்தண்ணி ஊத்திறன்.”

“வேண்டாம். கீழ கார்ல தனுஷியா இருக்கிறா. வாற கிழமை எங்கட கலியாண எழுத்து.”

அவன் போய்விட்டான்.

தங்கள் விவாகரத்துக்குப் பிறகும் அவனை இந்த வெள்ளவத்தை வீட்டுக்கு வரவழைக்க, அலுவலகத்தில் மற்றவர்களுக்குத் தானே கற்றுக்கொடுக்கும் இந்த ஏற்றும் வேலை தனக்குத் தெரியாதென்று சொல்லிவந்தாள் தாரிகா.

ஸ்கிரிப்டை வரி வரியாகப் பார்த்தாள். அவனைத் திரும்பக் கூப்பிட அதில் ஒரு பிழைகூட இல்லை.