பாதிக் கூரை

அவள் மேலே இருந்தாள்.

அவன் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். மூன்றாவது படிக்கு மேல் ஏறினாலே அவனுக்குத் தலை சுற்றும். அவளோ சேலைக்கு மேல் அவனுடைய பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, இரும்புச் சட்டத்தின் மேல் கால்களை அகட்டி உட்கார்ந்திருந்தாள்.

முந்தின இரவுப் புயலில் அவர்களுடைய கயிறு மில்லின் கூரை பாதி போய்விட்டது. பச்சை பெயின்ட் அடித்த தகரங்கள். ஒன்று சாலையில் மடங்கிக் கிடந்தது. ஒன்று குளத்துச் சேற்றில் செருகி நின்றது. மற்றவை எந்த ஊரில் போய் விழுந்தனவோ.

மீதிப் பாதி அப்படியே நின்றது. ஒரு போல்ட்கூட அசையவில்லை.

அதைத்தான் அவள் கழற்றிக்கொண்டிருந்தாள்.

காலையில் இன்சூரன்ஸ் ஏஜென்ட் நீலமேகம் வந்திருந்தார். விழுந்து கிடந்த தென்னைகளைச் சுற்றிச் சுற்றி மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போனார். சர்வேயர் வந்து பார்க்கும்வரை எதையும் தொடக் கூடாது. தொட்டால் க்ளைம் நிற்காது.

அவன் தலையாட்டினான். அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

பிறகு மில்லின் பின்பக்கம் போனாள்.

வாய்க்கால் கரையில், மில்லில் கயிறு திரிக்கும் பெண்களின் குடிசைகள். இப்போது மண்சுவர்கள் மட்டும் மிச்சம். அந்தப் பெண்களில் ஒருத்தியான அஞ்சலை ஒரு மூலையில் குந்தியிருந்தாள். மடியில், பிறந்து மாதம் ஆகாத பிள்ளை. பிள்ளையின் மேல் ஒரு யூரியா சாக்கு.

அங்கே யாரும் வந்தவளிடம் எதுவும் கேட்கவில்லை.

கிழக்கே வானம் மறுபடி கறுத்துக்கொண்டு வந்தது.

திரும்பி வந்தவள் ஏணியை எடுத்துச் சாத்தினாள்.

"அந்தப் பெரிய ஸ்பேனரைக் குடுங்க."

அவன் கொடுக்கவில்லை. இருக்கிற பாதியையும் பிரித்தால் மெஷின்கள் நனையும் என்றான். துரு ஏறும் என்றான். க்ளைமும் போய்விட்டால் மறுபடி எழுந்திருக்கவே முடியாது என்றான். எல்லாம் நியாயமான பேச்சு. பேசப் பேச அவனுக்கே தன் பேச்சு பிடித்துப்போனது.

அவன் முடிக்கும்வரை நின்றாள்.

"மோட்டாரையெல்லாம் தார்ப்பாய் போட்டு மூடிட்டேங்க. அந்தப் புள்ளய எதப் போட்டு மூடறது?"

அவன் ஸ்பேனரைக் கொடுத்தான்.

தகரங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. பெண்கள் இரண்டு பேராக நின்று வாங்கித் தலைக்கு மேல் பிடித்தபடியே ஓடினார்கள். போல்ட் இறுகிய இடத்தில் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு முழு உடம்பையும் சாய்த்துத் திருகினாள். அவசரப்படவில்லை. ஒரு தகரமும் கிழியவில்லை.

மழை வந்தது.

வாய்க்கால் கரையில் தகரங்கள் சடசடத்தன. மில்லுக்குள் அந்தச் சத்தம் இல்லை. மழை நேராகத் தரைக்கு இறங்கியது.

சர்வேயர் வருவதற்குச் சில நாட்கள் ஆயின. அவருக்கு முழங்கால்வரை சேறு. எத்தனையோ இடிந்த கட்டடங்களைப் பார்த்துவிட்டு வந்த களைப்பு. அவர் ஜீப்பிலிருந்து இறங்குவதற்குள் நீலமேகம் அவனை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"முழுசும் காத்துல போச்சுன்னு சொல்லிடுங்க. ஊரே மொட்டையா கெடக்கு. யாரு வந்து கேக்கப் போறா?"

அந்த வாக்கியத்தை அவன் ஏற்கெனவே தனக்குள் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தான்.

சர்வேயர் அண்ணாந்து பார்த்தார். வெறும் இரும்புச் சட்டங்கள். அவற்றுக்கு மேல் வானம்.

"கூரை மொத்தமும் போயிடுச்சா?"

அவன் வாயைத் திறந்தான்.

"பாதிதான் சார் காத்துல போச்சு," என்றாள் அவள். "மீதியக் கழட்டினது நான்."

நீலமேகம் செருப்பைப் பார்த்தார்.

"அதுக்குக் கெடைக்காதேம்மா," என்றார் சர்வேயர்.

"தெரியும் சார்."

கடையில் நின்று உப்பு கேட்கிற குரல். அதில் பெருமை இல்லை, வருத்தமும் இல்லை.

அன்று பகல் முழுக்க அவன் அவளோடு பேசவில்லை.

சாயங்காலம் அவள் மோட்டார்களைப் பிரித்துப்போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தில் எண்ணெய் விட்டாள். எண்ணெய் விட்ட இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். அவன் கொஞ்ச நேரம் வாசலில் நின்றான். பிறகு பக்கத்தில் போய் உட்கார்ந்து ஒரு துணியை எடுத்துக்கொண்டான்.

க்ளைம் வந்தது. பாதிக்கு.

பாதிக் கூரை போட்டார்கள். அதன் கீழ் மெஷின்கள். மறுபாதியில் திறந்த வானத்தின் கீழ் பெண்கள் நார் பிரித்தார்கள். நிழல் நகர நகர அவர்களும் நகர்ந்தார்கள். தூறல் விழுந்தால் நாரை வாரிக்கொண்டு எல்லோரும் மெஷின்களுக்கு நடுவே வந்து நெருக்கிக்கொண்டு நின்றார்கள். சிரிப்புச் சத்தம் சாலைவரை கேட்கும்.

தை மாதம் பொள்ளாச்சியிலிருந்து ஒரு வியாபாரி கயிறு எடுக்க வந்தார். வந்தவர் முதலில் மேலேதான் பார்த்தார்.

"ஏனுங்க, மீதிக் கூரையைக் காணமுங்க?"

அவன் அவரைக் கையைப் பிடித்துப் பின்வாசலுக்கு அழைத்துப் போனான்.

வாய்க்காலுக்கு அப்பால், தலையில்லாத தென்னைகளுக்கு நடுவே, பச்சைப் பச்சையாகத் தகரங்கள். அவற்றின் இடுக்குகளில் அடுப்புப் புகை. ஒரு தகரத்தின் மேல் சின்னச் சின்னத் துணிகள் காய்ந்தன.

"அதோ இருக்கு."

வியாபாரி கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார்.

"யாருங்க பிரிச்சுக் குடுத்தது?"

அவன் உள்ளே திரும்பிப் பார்த்தான்.

மெஷின் இரைச்சலில் அவளுக்கு எதுவும் கேட்கவில்லை.