சிவப்புக் குமிழி

பீட்ரூட் துண்டிலிருந்து பிரிந்து வந்த செல்லின் உள்குமிழி ஒன்று நுண்ணோக்கியின் வெளிச்சத்தில் சிவப்பாக மிதக்கிறது. ஆய்வகத்துக்கு வந்து நாலே நாளான புதியவள் ரப்பர் குழாயை உதட்டில் வைத்து மெல்ல உறிஞ்சுகிறாள். குழாயின் மறுமுனையில் செருகிய மயிரிழைக் கண்ணாடிக்குழலின் நுனியில் குமிழியின் சவ்வு பூப்போல ஒட்டிக்கொள்கிறது. மூன்று மாதமாக இதே மேசையில் மல்லுக்கட்டியும் ஒவ்வொரு குமிழியையும் வெடிக்கவிட்ட மூத்தவள், அப்போதுதான் உள்ளே வந்தவள், வாசலிலேயே நின்றுவிடுகிறாள். திரையில் பச்சைக் கோடு படியேறிப் படியிறங்குகிறது: சவ்வில் ஒரு வாசல் திறக்கிறது, பொட்டாசியம் அயனிகள் பாய்கின்றன, மூடுகிறது, மறுபடி திறக்கிறது. “ஒட்டிக்கிச்சுக்கா! எல்லாம் நீங்க கலக்கி வச்ச கரைசலோட ராசிதான்!” புதியவள் திரும்பாமலே சிரிக்கிறாள். மூத்தவளுக்கு வயிறு பற்றி எரிகிறது. அவள் பிடியில், விட்டால் தானாகவே அறைந்து சாத்திக்கொள்ளும் கதவு. ஒரு அதிர்வு போதும், அந்தச் சிவப்பு சிதறிவிடும். “கதவு பத்திரம்க்கா, ப்ளீஸ்.” ‘உடைஞ்சு தொலை, உடைஞ்சு தொலை’ என்று மனசுக்குள் முணுமுணுத்தபடியே மூத்தவள், மூச்சையும் அடக்கி, கதவை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.