எட்டாவது முட்டை

“இன்னைக்குப் பொழுதோட பொறந்துருமுங்க. நான் பக்கத்துல இருக்கோணுமுங்க” என்று சொல்லி அரை நாள் லீவு கேட்டேன். மேனேஜர் கிட்டுசாமி பதறிவிட்டார்.

“அட, மருத்துவச்சிக்குச் சொல்லி உட்டாச்சா ராசப்பா?”

“அதெல்லாம் வேண்டாமுங்க. நானே பாத்துக்குவனுங்க.”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே சரி என்றார். பிறக்கப்போவது வாத்துக் குஞ்சு என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

நொய்யல் கரையில் வாத்து மேய்க்க வந்தவர்களிடம் எட்டு முட்டை வாங்கி, அடுப்படி மூலையில் அடைக்கோழியின் அடியில் வைத்திருந்தாள் என் மனைவி குழந்தையம்மாள். அவள் பிறந்த வீட்டில் வாத்து உண்டு. கல்யாணமாகி வந்த நாளாக ஒரு வாத்து வளர்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. இருபத்தெட்டு நாள் காத்திருந்ததில் ஆறு முட்டை தானாகக் கெட்டுப்போயிற்று. ஏழாவதைக் கெடுத்தவன் நான்.

பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. ஒரு பிசிறு கண்ணில் பட்டால் போதும், அதைக் கத்தரித்து எடுக்காமல் என் கை அடங்காது. முந்தாநாள் அந்த முட்டை விரிசல் விட்டபோது, ஓட்டில் ஒரு சில்லு துருத்திக்கொண்டிருந்தது. உள்ளே பாவம் கஷ்டப்படுகிறதே என்று அதை உரித்தேன். அடுத்த சில்லும் துருத்தியது, அதையும் உரித்தேன். ரத்தம் வந்தது. குஞ்சு பிழைக்கவில்லை.

“உள்ளார ரத்தம் வத்தோணுமுங்க. அதுவா ஒடச்சுட்டு வர ஒரு நாளாகும், ரெண்டு நாளாகும். அவசரப்பட்டுக் கொன்னுபோட்டீங்களே!” என்று அழுதவள், அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. எனக்கும் சோறு இறங்கவில்லை.

மிச்சம் இருந்தது எட்டாவது ஒன்றுதான். அதற்காகத்தான் இந்த லீவு.

மத்தியானம் வீட்டுக்குப் போனதும் அவளே பேசினாள். “காத்தால போயி வாத்துக்காரங்களப் பாத்துட்டு வந்தனுங்க. கோழி இந்த முட்டையத் தள்ளி உட்டுருச்சு. இனி ஆள்தான் பக்கத்துல இருந்து பாக்கோணுமாம். நீங்களே பாருங்க.”

வெட்டுத்துணியில் பொதிந்து என் கையில் கொடுத்தாள். பக்கவாட்டில் மெல்லிய விரிசல் ஓடியிருந்தது.

“என்ன புள்ள, இப்படிச் சுடுது?”

“உசுரு இருந்தாச் சுடாதுங்களா?”

கொன்றவனையே நம்பிக் கொடுக்கிறாளே!

“தொடப்படாது. பாத்துட்டு மட்டும் இருங்க. அடுப்படிக் கதவையும் தொறக்காதீங்க, பொகை ஆகாது” என்று சொல்லி உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

முன்னறையில் முட்டைக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். விரிசல் ஓரத்தில் ஒரு சில்லு துருத்திக்கொண்டு என்னைக் கூப்பிட்டது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டேன்.

தீப்பெட்டி கேட்டு வந்த பக்கத்து வீட்டு மருதம்மாள் என் கோலத்தைப் பார்த்து நின்றார். “ஏனுங்க தம்பி, விரதமுங்களா?”

“சத்தம் போடாதீங்கக்கா, உசுரு வெளிய வர்ற நேரம்.”

அவர் தீப்பெட்டி வாங்காமலே போய்விட்டார்.

நாலு மணி வாக்கில் ‘கீச்’ என்று ஒரு சத்தம் கேட்டது. முட்டையருகே காதை வைத்தேன். மறுபடியும் கீச். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“உன்ற கூடப் பொறந்ததக் கொன்னது நான்தான் கண்ணு” என்று முட்டையிடம் சொன்னேன். “மன்னிச்சுக்கோ. நீ பொறுமையா வா. நான் தொடவே மாட்டேன்.”

பொழுது சாயும்வரை தொடவில்லை. கால் மரத்துப்போனது, கை மரத்துப்போனது. செக்கிங் வேலையில் சேர்ந்த பதினோரு வருஷத்தில் ஒரு பிசிறை நான் சும்மா விட்டது அன்றைக்குத்தான். எனக்கே என்னை நினைத்தால் பெருமையாக இருந்தது.

தாழ் திறக்கும் சத்தம் கேட்டது. “பாத்தியா புள்ள, நான் தொடவே இல்ல!” என்று நிமிர்ந்தேன்.

குழந்தையம்மாள் முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள். அவள் முந்தானைக்குள்ளிருந்து, ஈரம் காயாத ஒரு மஞ்சள் தலை எட்டிப் பார்த்து ‘கீச்’ என்றது.

“கோழிக்கு அடியிலயே பொரிச்சிருச்சுங்க. ஒரு சில்லக்கூட யாரும் தொடல.”

குஞ்சைப் பார்த்தேன். எனக்கு எதிரே இருந்த முட்டையைப் பார்த்தேன்.

“அப்ப, இது?”

“அது காத்தால வாத்துக்காரங்ககிட்ட வாங்குனதுங்க. மத்தியானமே வெந்துருச்சு. உப்பு வேணுங்களா?”