மேலே இல்லாத படங்கள்

மேசை முன்னால் மச்சினன் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு வலப்பக்கம், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவர். ஜன்னலோரக் கட்டிலில், காய்ந்த துணிகளை மடித்தபடி அவர் மனைவி.

மகளின் படங்கள் கிளவுட் கணக்கில் குறைந்துகொண்டே வந்தன. அவள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இனிப் புதிதாக ஒரு படம் எடுக்க வழியில்லை.

கம்பெனிக்கு அவர் காகிதத்தில் புகார் எழுதியிருந்தார். மெயில் போதுமே என்ற மச்சினனிடம், கையெழுத்தில்லாத புகாரை எவன் மதிப்பான் என்று கேட்டார். "குழாய் சொட்டினாலும் மனு எழுதுற ஆளு. விடச் சொன்னா விடுவாராக்கும்," என்று மனைவி முணுமுணுத்தாள்.

உங்கள் பக்கம் சரிபார்க்கவும் என்று பதில் வந்தது.

அதற்காகத்தான் லினக்ஸ் தெரிந்த மச்சினன் இன்று வந்திருந்தான். மிச்சம் இருப்பதையாவது மடிக்கணினிக்கு இறக்கி, மேலே கிளவுடில் இருப்பதும் கீழே மடிக்கணினியில் இருப்பதும் எப்போதும் ஒன்றாக இருக்கும்படி செய்துவிடுவது என்று ஏற்பாடு.

"அவசரப்படாதீங்க மாமா, முதல்ல ஒத்திகை. நெஜமா எதையும் தொடாது. என்ன செய்யப்போகுதுன்னு மட்டும் சொல்லும்."

கறுப்புத் திரையில் வரிகள் ஓடின. நீக்கப்படும். நீக்கப்படும். நீக்கப்படும்.

மச்சினன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டான். "நல்லவேளை. மேல இல்லாதது கீழயும் வேண்டாம்னு மொத்தத்தையும் வழிச்சிருக்கும்."

அப்படியென்றால் கீழே இருக்கிறது. போன வருஷம் அவர் மடிக்கணினியில் ஏற்றிவைத்து மறந்துபோயிருந்த நகலில் ஒன்றுகூடத் தொலையவில்லை. அவருக்கு மூச்சு திரும்பியது.

மேலே எப்படிப் போயின என்று பார்க்க மச்சினன் கிளவுடின் குப்பைத்தொட்டியைத் திறந்தான். அக்காவைப் பார்த்தான். சட்டென்று திரைக்குத் திரும்பிக்கொண்டான்.

அவர் எட்டிப் படித்தார். ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரே வரி. அழிக்கப்பட்டது மனைவியின் கைப்பேசியிலிருந்து.

பள்ளிக்கூடப் படம் ஒன்றும் அதில் இல்லை. பிறந்தநாள் படமும் இல்லை. முடி கொட்டிய பிறகு எடுத்தவை மட்டும்தான். எல்லாவற்றிலும் மகள் வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கட்டிலில் துணி மடிக்கும் சத்தம் நின்றிருந்தது.

"நான் போனைத் தூக்கினா போதும், வலியை முழுங்கிட்டுச் சிரிப்பா," என்றாள் மனைவி. "எனக்காக. அது தெரியாம படமா எடுத்துத் தள்ளியிருக்கேன்."

மச்சினன் தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழுந்து உள்ளே போனான்.

அவர் திரையை மூடினார். மேலே இருப்பது மேலேயே இருக்கட்டும், கீழே இருப்பது கீழேயே இருக்கட்டும் என்றார், யாரிடம் என்றில்லாமல்.

பிறகு ஒரு தாளை எடுத்து எழுதினார். ஐயா, எங்கள் பக்கம் சரிபார்த்தோம். எதுவும் தொலையவில்லை. தாங்கள் மேற்கொண்டு தேட வேண்டாம்.

கையெழுத்திட்டு, உறையை ஒட்டாமல் அவள் பக்கத்தில் வைத்தார்.

அவள் படித்தாள். இன்னொரு முறையும் படித்தாள். கைப்பேசியைத் துணிகளின் மேல் வைத்துவிட்டு, உறையை நாக்கில் நனைத்து ஒட்டினாள். செருப்பை மாட்டிக்கொண்டு, தெருமுனைத் தபால்பெட்டியில் அவளே போட்டுவிட்டு வந்தாள்.