நாற்பத்து மூன்றாவது சோதனை

“மத்த ரெண்டு டீம் எழுதின புரோகிராமையும் எனக்குக் காட்டுங்க சார்.”

மேலாளர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்காதே என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

ரயிலை நிறுத்த எவ்வளவு தூரம் முன்னால் பிரேக் போட வேண்டும் என்று மூன்று கம்ப்யூட்டர்கள் கணக்கிடும். மூன்றுக்கும் மூன்று டீம்; அதில் ஒன்று அவளுடையது. ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது. ஒன்று தப்பாகச் சொன்னால், மற்ற இரண்டும் சேர்ந்து அதைத் தள்ளிவிடும்.

“நாளைக்குக் காலையில ஜனங்க ஏறப் போறாங்க. எழுதி முடிச்சு மூணு மாசம் கழிச்சா உனக்குக் காப்பியடிக்கத் தோணுது?”

ஜன்னல் இல்லாத அறை. மேசையில், ரயிலை ஓட விடலாம் என்று அவள் கையெழுத்துப் போட வேண்டிய தாள், அதன் மேல் மூடி கழற்றிய பேனா.

கையெழுத்துப் போடாவிட்டால் இந்தத் தொழிலில் இனி ஒருத்தனும் கூப்பிட மாட்டான் என்று அவர் நிதானமாக விளக்கினார். படிப்பு வாசனையே இல்லாத வீட்டிலிருந்து வந்தவளுக்கு இவ்வளவு திமிர் ஆகாது என்பதையும் அதே நிதானத்தோடு சொன்னார். மூட்டை தூக்கும் அவள் அப்பாவோ, என் பொண்ணு கை காட்டினா ரயிலே நிக்கும் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

“நாப்பத்திமூணாவது டெஸ்ட்,” என்றாள். “மழை, இறக்கம், முழு பாரம். அதுல மத்த ரெண்டும் என்ன சொல்லிச்சு?”

அவர் முகம் மலர்ந்தது. கோப்பைப் புரட்டி அவள் பக்கம் திருப்பினார்.

“உன்னோடது சொன்னதையேதான். அறுநூத்திப் பன்னெண்டு மீட்டர். தனித்தனியா எழுதியும் ஒரு மீட்டர் பிசகலேன்னா, இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?”

அவள் மூன்று எண்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரு எண்ணாவது வேறாக இருக்காதா என்றுதான் காலையிலிருந்து ஏங்கிக்கொண்டிருந்தாள்.

பேனாவை மூடி வைத்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். ரயில் பாதுகாப்பு அதிகாரியின் அலுவலகம் ஐந்து மணிக்கு மூடும். ஆட்டோ பிடித்தால் போய்விடலாம்.

“உன்னோடதே சரின்னு மத்த ரெண்டும் சொல்லுது. அப்புறம் என்னம்மா?”

கதவைத் திறந்து வெளியே கால் வைத்தவள் திரும்பாமலே சொன்னாள்.

“அதுல நான் போட்ட கணக்கு தப்பு சார்.”