முடியாத ஜெபம்

"எங்க அப்பா சாகக் கிடக்கிறாருங்க. கொஞ்சம் வழி விடுங்க."

ஃபிலிப்போ மறுபடியும் சொல்லிப் பார்த்தான். காரை மறித்து நின்றவர்கள் அசையவில்லை. எல்லோர் இடுப்பிலும் ஒரே நீலத் துணி. கையில் தடி. ஒருவர் மட்டும் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்.

சமோவாவில் அந்தி ஜெபத்துக்குச் சங்கு ஊதிவிட்டால் ஊருக்குள் வண்டி ஓடக்கூடாது. ஆக்லாந்தில் குடியேறி எத்தனையோ வருஷமானாலும் அது அவனுக்குத் தெரியும்.

"வெயில் இன்னும் சுள்ளுன்னு அடிக்குது. இப்ப என்ன அந்தி ஜெபம்?"

அக்கா மாசினா பக்கத்து இருக்கையில் விசிறிக்கொண்டிருந்தாள். "மேல் ரோட்டுல போங்கன்னு பெட்ரோல் போட்டவன் சொன்னான். கேட்டியா?"

"போன்ல இதுதான் சுருக்கு வழி."

"கட்டின பொண்டாட்டி சொன்னா கேக்காதே. இந்தப் போன்காரி சொன்னா மட்டும் கேளு."

'நேராகச் செல்லுங்கள்' என்றது போன்.

காலையில் இதே குரல்தான் அவர்களை ஒரு பன்றிக் கொட்டகை முன்னால் நிறுத்தி, 'வந்து சேர்ந்துவிட்டீர்கள்' என்றது. ஃபிலிப்போ அதை மன்னித்துவிட்டான்.

ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குத் துணையாக இருந்த தம்பி கடைசியாகப் பேசியபோது, "அப்பா கண்ணே திறக்கல. உங்க பேரைச் சொன்னா மட்டும் விரல் அசையுது. சீக்கிரம் வாங்க" என்றிருந்தான்.

தெருவில் ஈ காக்கை இல்லை. நாய்கூடக் குரைக்கவில்லை. சுவரில்லாத வீடுகளில், தூண்களுக்கு நடுவே சம்மணமிட்டு, ஊரே பாடிக்கொண்டிருந்தது. ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்தது. அதுவும் முடிந்து இன்னொன்று.

"இவ்வளவு நேரமாவா ஜெபம் பண்ணுவாங்க?"

"நம்ம வீட்ல ஒரு பாட்டு, ஒரு ஜெபம். அப்புறம் சாப்பாடுதான்." மாசினாவின் குரல் இறங்கியது. "ஃபிலிப்போ, அவங்க யாரும் கண்ணை மூடல பாரு. நம்மளைப் பார்த்துக்கிட்டே பாடறாங்க."

பார்த்தான். உண்மைதான்.

"மனுசங்களா இவங்க? ஆண்டவர் பேரைச் சொல்லிக்கிட்டு..."

என்ஜினை உறும விட்டான். தடிக்காரர்களில் இரண்டு பேர் ஒன்றும் பேசாமல் சக்கரத்துக்கு முன்னால் தார் ரோட்டில் உட்கார்ந்தார்கள்.

'நேராகச் செல்லுங்கள்.'

பாட்டு நின்றது. ஆனால் அதற்கு அடியில் முனகிக்கொண்டிருந்த ஒரு கனத்த குரல் மட்டும் நிற்கவில்லை.

மாசினா அவன் கையைப் பிடித்தாள். "யாருடா அது?"

பாடியவர்கள் எல்லோரும் வாயை மூடியிருந்தார்கள். முனகல் பெரிதானது. கார்க் கண்ணாடி அதிர்ந்தது. எதிரே சாலை இறங்குகிற இடத்தில், ஒரு சீமைப்பலா மரம் நிமிர்ந்தபடியே, இலையும் காயுமாக, குறுக்கே நகர்ந்து போனது.

அதன் பின்னால்தான் தண்ணீர் தெரிந்தது. செம்மண் நிறத்தில், சாலையை முழுசாக விழுங்கிக்கொண்டு.

வானத்தில் பொட்டு மேகம் இல்லை.

பாடியவர்களில் ஒருத்தி, ஊர்ப் போதகரின் மனைவி, ஒரு இளநீரோடு காருக்கு வந்தாள். பாடிப் பாடித் தொண்டை கட்டியிருந்தது.

"மலையில காலைலருந்து மழைம்மா. இங்க தண்ணி இறங்க நேரமாகும். பாலம் கிடையாது, ஆத்துக்குள்ளதான் ரோடு. காரைத் திருப்புங்க. எங்க ஆள் ஒருத்தர் கூட வந்து மேல் ரோடு வழியா உங்களை ஆஸ்பத்திரியில விட்டுடுவார்."

ஃபிலிப்போ என்ஜினை அணைத்தான். "இதை முதல்லயே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா திரும்பியிருப்பீங்களா?"

அவன் போனைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தான்.

"போன மழைக்கு ஒரு குடும்பத்துக்கிட்ட கெஞ்சினோம். ஆறு காஞ்சுதானே கிடக்கு, போன்ல ரோடு தெரியுதேன்னு சிரிச்சுட்டுப் போனாங்க." ஆற்றை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

பின்னால் இன்னொரு வாடகைக் கார் வந்து நின்று ஹாரன் அடித்தது. அவள் அவசரமாகத் திரும்பினாள்.

"நாங்க சொன்னா யாரும் நிக்கறதில்ல தம்பி. ஜெபம்னா நிக்கிறாங்க. அதான் மலை கறுத்தாலே சங்கை ஊதிடறோம். தண்ணி வடியற வரைக்கும் ஆமென் சொல்றதில்ல."